பல் டாக்டரின் பச்சைக் கார்

"உங்க கண்ணுல பொரை விழுந்திருக்கு அத்தை. உங்களுக்கு எல்லாமே கருப்பாத்தான் தெரியும். பேசாம உள்ள போங்க."

என் மாப்பிள்ளை என்னிடம் குரல் உயர்த்தியது இந்த இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு தடவைதான். உயர்த்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. மீதியை இருமிக்கொண்டே சொன்னார். நானும் விடவில்லை.

"பொரை கண்ணுலதான் மாப்பிள்ளை, நாக்குல இல்ல. கருப்பா இருக்கு, கருப்புன்னுதான் சொல்லுவேன்."

"இது பச்சை."

"இது பச்சைன்னா நான் கொமரி."

அவர் உள்ளங்கையில் ஒரு சாண் நீளத்தில் ஒரு கார் இருந்தது. பிளாஸ்டிக் கார். அந்தக் காலத்து வண்டி மாதிரி முதுகு உருண்டு, முன்னால் மூக்கு நீண்டு, சக்கரத்துக்கு மேலே புருவம் வைத்தது போல இருக்கும். அதற்குப் பச்சை அடித்துவிட்டு என்னிடம் நீட்டி, நல்லா இருக்கா என்று கேட்டது அவர்தான். கேட்டால் சொல்வேன். சொல்வேன் என்று தெரிந்தும் கேட்டவர் மேல்தான் தப்பு.

மாப்பிள்ளை கார்ப் பட்டறையில் பெயின்டர். பட்டறையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு விரல் நகமெல்லாம் சிவப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "யாரையாவது வெட்டிட்டு நேரா இங்க வந்துட்டானா, கேளு" என்றார். முந்தின நாள் தீயணைப்பு வண்டிக்கு அடித்த சிவப்பு, மூன்று சோப்புப் போட்டும் போகவில்லையாம். அதை அவரே வெட்கப்பட்டுச் சொன்னார். என் மகள் அதில்தான் விழுந்தாள் என்று நினைக்கிறேன். மற்றபடி விழுகிற அளவுக்கு ஆள் ஒன்றும் பெரிய அழகில்லை.

என் வீட்டுக்காரர் செத்த பிறகு நான் இவர்கள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். மகள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். விடிகிறதுக்கு முன்னாடி போய்விடுவாள். வீட்டுத் துணியெல்லாம் என் கையில். அதனால் அன்றைக்குப் பட்டறைக்கு எந்தக் கலர் வண்டி வந்தது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கைக்குட்டையைப் பார்த்தால் போதும். நீல வண்டி அடித்த நாளில் நீலமாகத் துப்பியிருப்பார். மஞ்சள் வண்டி என்றால் மஞ்சள். முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் அந்தப் புகைக்குள் நின்றிருக்கிறார். துணி கட்டினால் போதும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, அவர்களை என்னிடம் அனுப்பியிருக்கலாம்.

போன மழைக்காலத்தில் ராத்திரி பகல் என்று இல்லாமல் இருமல். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஸ்ப்ரே கன் இருக்கிற அறைக்குள்ளே கால் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி அதை இரண்டு தடவை படித்தாராம்.

பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கீறல் பெஞ்சு. வண்டியில் விழுந்த சின்னக் கீறல்களைப் பிரஷ் வைத்து மூடுகிற வேலை. ஸ்ப்ரே கிடையாது, புகை கிடையாது. ஒரு இரும்பு ஸ்டூல், ஒரு விளக்கு, பத்துப் பிரஷ். அங்கே இருந்த ஆள் அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை அந்த இடத்தைக் கேட்டார்.

முதலாளி யோசித்துவிட்டு, "உன் கை பெரிய கை கலரு. ஒரு கதவை மூணு வீச்சுல முடிச்சிருவ. இது ஊசி வேலை. இருமிக்கிட்டே பிரஷைப் பிடிச்சா, ஒரு கீறல் மூணாயிடும்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் இந்தப் பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக.

பட்டறைக்கு முப்பது வருஷமாக வருகிற ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் வைத்திருந்த பழைய கார் ஒன்றுக்கு மாப்பிள்ளைதான் மூன்று தடவை பெயின்ட் அடித்திருக்கிறார். மேலே வெண்ணெய் நிறம், கீழே பச்சை, நடுவில் கையால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு. டாக்டருக்கு வயதாகி வண்டி ஓட்ட முடியாமல் போக, காரை விற்றுவிட்டார். விற்ற பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் வீட்டம்மா முதலாளியிடம் புலம்பியிருக்கிறார். அதே மாதிரி ஒரு சின்னக் கார் செய்து கொடுத்தால் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேட்டிருக்கிறார்.

"இருபது நாள் டைம். ஒழுங்கா முடிச்சுட்டு வா. டாக்டர் வாங்கிக்கிட்டா பெஞ்சு உனக்கு. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும், தப்பா நினைக்காத."

தப்பாக நினைக்க மாப்பிள்ளைக்குத் தெரியாது. நினைப்பதெல்லாம் நான்தான். சம்பளம் இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்த அன்றைக்கே என் மகள் இரண்டாவது ஷிஃப்டும் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். "எந்திரிச்சு சாப்பிடுடி" என்றால், "நீயே சாப்பிட்டு எனக்கு ருசி மட்டும் சொல்லும்மா" என்பாள். அந்த ஸ்டூல் கிடைக்கிற வரை இப்படித்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 

மாப்பிள்ளை ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, துண்டுகளை ஒட்டிச் சேர்த்தார். முதல் நாள் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். பரணில் இருந்து ஒரு டின்னை இறக்கினார். டாக்டர் காருக்குக் கடைசியாக அடித்தபோது மிஞ்சிய பச்சை. ஒன்பது வருஷமாக மூடியை மெழுகால் அடைத்து வைத்திருக்கிறார்.

"டூப்ளிகேட் இல்ல அத்தை. அதே காரு, அதே பெயின்ட். முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவரே அசந்துட்டாரு."

"பெயின்டுக்கு அசந்தது சரி. சம்பளத்துக்கு அசந்தாரா?"

அவர் மூடியின் மெழுகைச் சுரண்டினார். டின்னைத் திறந்தார். பெயின்ட் இறுகிப்போயிருந்தது. கை தன்பாட்டுக்கு தின்னர் பாட்டிலை எடுத்தது. பெயின்டை இளக்குகிற பட்டறை தின்னர். மோந்து பார்த்தே அளவு சொல்லுவார், அப்படிப் பழகின கை. கலக்கி, பிரஷில் எடுத்து, காரின் உடம்பு முழுக்க ஒரு பூச்சுப் பூசி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், ஆறிய பால் மேல் ஏடு கட்டினது போல கார் முழுக்கச் சுருக்கம். கூரை உள்ளே இறங்கி, ஒரு பக்கக் கதவு வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல வளைந்திருந்தது. இரும்பை நூறு வருஷம் ஊறப்போட்டாலும் அந்த தின்னர் ஒன்றும் செய்யாதாம். பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுமாம். தகரத்துக்கு மட்டுமே பெயின்ட் அடித்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், அவன் கையில் அந்த தின்னரே இருந்திருக்காது. இத்தனை வருஷம் பழகின பெயின்டர்தான் செய்ய முடியும்.

இடுப்பில் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தெரியாத நேரத்தில் என் வாய்க்கு அதிகம் வேலை வரும்.

"மொதல்ல சட்டையைப் போடுங்க மாப்பிள்ளை. காரு சுருங்கினதுக்கு நீங்க ஏன் அம்மணமா உக்காந்திருக்கீங்க."

மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், மனுஷன் என் சோற்றுக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் காரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு லாரி மோதி அப்பளமான வண்டியைக்கூட நிமிர்த்தினவர்தானே. சுருக்கத்தையெல்லாம் தேய்த்து எடுத்தார். உள்ளே இறங்கின கூரையைச் சுடுதண்ணீர் வைத்து மெல்ல மேலே தள்ளினார். பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தார். ஆறு நாள் இதே வேலை. வீடெல்லாம் வெள்ளைத் தூள். பிறகு கடைக்குப் போய் விசாரித்து, பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கிற அடிப்பூச்சும் மெதுவான தின்னரும் வாங்கி வந்தார். டின்னில் இருந்த பச்சையை அதில் கரைத்து, மூச்சு விட்டதுபோல் மெல்லிசாக ஒவ்வொரு பூச்சாகப் பூசினார். இந்தத் தடவை கார் சுருங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். நான் கருப்பு என்று சொன்னது அப்போதுதான்.

மூன்று நாள் பேச்சில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு நான் சுவரிடம், "ஆறிடும்" என்பேன். அவர் காரிடம், "பசிக்கல" என்பார்.

நான்காம் நாள் நான் துணி காயப்போடப் போய்விட்டுத் திரும்பினால் என் பீரோக் கதவு பச்சையாக இருக்கிறது. எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது அந்த ஒரு பீரோதான். அதன் நடுவில், ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்குப் பச்சை. மாப்பிள்ளை பக்கத்தில் கார் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டாவது ஷிஃப்டுக்கு முன்னால் துணி மாற்ற வந்த என் மகளை எதிரே நிறுத்தி வைத்திருக்கிறார்.

"இது என்ன கலரு?"

"பச்சை."

"இது?"

என் மகள் காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கரும்பச்சையா? கருப்புன்னுகூட வச்சுக்கலாம். ஏங்க, எனக்கு பஸ் போயிடும்."

இரண்டும் ஒரே டின். பெரிதாகப் பூசினால் பச்சை, சின்னதாகப் பூசினால் கருப்பு. மாப்பிள்ளை காரைப் பீரோவோடு ஒட்டவைத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மூன்று நாள் கழித்து என்னிடம் பேசினார்.

"பெரிய வண்டியில வெளிச்சம் விழ இடம் இருக்கு அத்தை. இதுல வெளிச்சம் வந்து உக்காரவே இடமில்ல. அதான் இருட்டுது."

"அதை என் பீரோவுலதான் கண்டுபிடிக்கணுமா? சுவரு இல்லையா?"

"சுவரு தகரம் இல்லையே."

பொரை விழுந்த கண்ணுக்கு ஒரு மன்னிப்பும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அந்த ஒன்பது வருஷத்துப் பச்சையில் வெள்ளையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் கலப்படக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தார். பதினோரு சொட்டு. பதினோராவது சொட்டில்தான் பீரோவும் காரும் ஒன்றாயின.

மேல் பாதிக்கு வெண்ணெய் நிறம் தொல்லையில்லாமல் முடிந்தது. பிறகு சிவப்புக் கோடு. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பெரிய காரில் அந்தக் கோட்டை அவர் ஒரே மூச்சில் இழுப்பாராம். முன்விளக்கில் பிரஷை வைத்தால் பின்விளக்கில்தான் எடுப்பாராம். இப்போது அவருக்கு மூச்சை அடக்கினால் இருமல் வருகிறது, விட்டால் கை ஆடுகிறது. இரண்டு நாள் முயற்சி செய்தார். கோடு, துடைப்பு, கோடு, துடைப்பு.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சுடுதண்ணீர் குடித்துவிட்டு, இருக்கிற இருமலையெல்லாம் முதலிலேயே இருமித் தீர்த்துவிடுவது. அப்படித் தீர்த்த பிறகு கொஞ்ச நேரம் நெஞ்சு சும்மா இருக்கும். அந்த இடைவெளிக்குள் கோட்டை இழுத்துவிட வேண்டும்.

"எவ்வளவு நேரம் சும்மா இருக்குன்னு எண்ணுங்க அத்தை."

எனக்கு எழுத்துத்தான் தெரியாது. எண்ணத் தெரியும். தையல் கம்பெனியில் முப்பது வருஷம் பட்டன் எண்ணியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தோம். நாற்பது வரைக்கும் இருமல் வராது. நாற்பதைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை.

வலது பக்கம் முப்பத்தெட்டில் முடித்தார். இடது பக்கத்துக்கு முப்பத்தாறிலேயே இருமல் வந்துவிட்டது. கையைத் தூக்கிவிட்டார், ஆனாலும் பின் கதவுக்கிட்டே கோடு ஒரு மயிரிழை துள்ளிவிட்டது. துடைக்கப் போனார். ஏற்கெனவே துடைத்துத் துடைத்து அடியில் இருக்கிற பச்சை மெலிந்துவிட்டது, இன்னொரு தடவை துடைத்தால் அதுவும் வந்துவிடும், மறுபடி மூன்று நாள் ஆகும். இருபதாம் நாள் மறுநாள்தான்.

"விடுங்க மாப்பிள்ளை. பல் டாக்டரு பல்லைத்தான் பாப்பாரு."

டாக்டர் காரில் இடது விளக்கு எப்போதோ உடைந்து, வேறு வண்டி விளக்கை மாட்டியிருந்தார்களாம். வலதை விடக் கொஞ்சம் பெரிது. அதற்கு என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தார். என் தையல் டப்பாவில் இருந்து ஒரு எஃகு அழுத்துப் பட்டனை எடுத்துக் கொடுத்தேன். பொருத்தமாக உட்கார்ந்தது. அந்தக் காரில் நான் செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் அவர் மூன்று தடவை கழற்றிக் கழற்றி ஒட்டினார்.

பஸ்ஸில் இருமினால் கார் விழுந்துவிடும் என்று பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். பட்டறை ஆபீஸில் முதலாளி இருந்தார். டாக்டரும் இருந்தார். எண்பது வயதிருக்கும். உயரமான, ஒல்லியான ஆள். காரை வெளியே எடுத்து மேசையில் வைத்ததும் டாக்டர் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். காரின் அடியில் விட்டுப் பார்த்தார். கதவிடுக்கில் பார்த்தார். கார் வாயைத் திறக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

பட்டனில் கண்ணாடி நின்றது. "இந்த விளக்கை ஞாபகம் வச்சிருக்கியா கலரு."

"நான்தானே சார் மாட்டினேன்."

முதலாளி பெருமையாக, "கலரைப் பாருங்க டாக்டர். உங்க காருக்கு அடிச்ச அதே டின். ஒரிஜினல்" என்றார்.

"அதான் பார்த்தேன். வேற பச்சையா இருந்தா என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் மாப்பிள்ளையின் காலை மிதித்தேன். மிதித்தும் பிரயோசனம் இல்லை.

"இல்ல சார். பதினோரு சொட்டு வெள்ளை கலந்திருக்கு. அதே கலரை அப்படியே அடிச்சா கருப்பாத் தெரியுது."

முதலாளி முகம் மாறியது. "கலந்துட்டியா? நான் எல்லார்கிட்டயும் ஒரிஜினல்னு சொல்லி வச்சிருக்கேன்யா."

டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "பல்லும் இப்படித்தான். கையில வச்சுப் பார்த்தா ஒரு நிறம், வாய்க்குள்ள வச்சா வேற நிறம். வாய்க்குள்ள இருட்டு. இதைக் கத்துக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நாலு பேருக்குக் குதிரைப் பல்லு வச்சு அனுப்பிட்டேன்."

அதற்கு நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. காரை எடுத்துத் திருப்பி, இடது பின் கதவுக்கிட்டே நகத்தை வைத்தார். மனுஷனுக்குக் கழுகுக் கண்.

"இங்க நெளிஞ்சிருக்கு."

"ஆமா முதலாளி. இருமல் வந்திருச்சு."

மாப்பிள்ளை வாதாடவே இல்லை. எத்தனை நாள் தேய்த்தார், கூரையை எப்படி நிமிர்த்தினார், ஒன்றையும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவ்வளவு களைப்பான முதுகை நான் யாரிடமும் பார்த்ததில்லை. என் மகள் சுவரில் சாய்கிறபோது மட்டும் பார்த்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் முந்திக்கொண்டார்.

"பெட்டியில வச்சுக் குடு கலரு. பஸ்ஸு ஆட்டாம எப்படி வச்சு எடுத்துட்டு வந்தியோ, அப்படியே வை."

வாங்கிக்கொண்டார். நெளிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி வார்த்தையை மீறவில்லை. பெஞ்சைக் கொடுத்தார். ஆனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். "கீறல் மட்டும் பாரு. கோடு போடுற வேலை வந்தா வேற ஆளுகிட்ட குடுத்துடறேன்" என்றும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "சரியாத்தான் சொல்றாரு அத்தை" என்றார். அந்தக் கோட்டுக்காகவே வேறு ஊரிலிருந்து வண்டி வரும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

மகள் இரண்டாவது ஷிஃப்டை முழுசாக விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகிறாள். மற்ற நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறாள். மாப்பிள்ளையின் கைக்குட்டை இப்போது வெள்ளையாகத்தான் வருகிறது. இருமல் இருக்கிறது. பீரோவில் பச்சையும் இருக்கிறது. சுரண்டிவிடுகிறேன் என்கிறார், இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். என் கண்ணை வெட்டிச் சரிபண்ணலாம் என்கிறார்கள், நான் போகவில்லை. கருப்பைக் கருப்பு என்று சொல்ல இந்தக் கண் போதும்.

நின்றே பழகின ஆளுக்கு அந்த இரும்பு ஸ்டூல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். முதல் சம்பளம் வாங்கின அன்றைக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் ஸ்டூலுக்குப் போடுகிற ஒரு வட்ட மெத்தை, நாலு பக்கமும் கட்டக் கயிறு வைத்தது. கடையில் பச்சையும் இருந்ததாம், பழுப்பைத்தான் எடுத்திருக்கிறார். நான் அமுக்கிப் பார்த்தேன், பஞ்சு சுமார்தான். எவ்வளவு என்று கேட்டேன். பேரம்கூடப் பேசாமல் நூற்று எண்பது கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.